பதினான்கு சீட்டுக்காரி

ஆஸ்பத்திரி என்றதும் டாக்டர் ஞாபகம் வரும், நர்ஸ் ஞாபகம் வரும், ஊசி ஞாபகம் வரும். அந்த டாக்டர் கையில் பிடிக்கிற கத்தரிக்கோலை ஆவியில் வேகவைத்துக் கொடுக்கிறவள் யாருக்கும் ஞாபகம் வரமாட்டாள். வரவும் வேண்டாம். அவள் ஞாபகம் வந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் சொல்லப்போகிற ஆஸ்பத்திரியில் அந்த வேலையைப் பார்த்தவளுக்கு டேப்பக்கா என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அறுவை சிகிச்சைக்கான கருவிகளைத் துணியில் கட்டி, மேலே ஒரு டேப் ஒட்டி, ஆவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவ் மெஷினுக்குள் வைப்பார்கள். சரியான சூடு ஏறினால் டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த டேப்பைக் கிழித்துக் கிழித்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று முழங்கையில் இரண்டு துண்டு ஒட்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். ஒட்டியது ஞாபகமில்லாமல் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கும் போய்விடுவாள். மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒரு தடவை டேப்போடு போய் நின்றதில், “உங்கம்மா கையில என்னடி விலைச்சீட்டா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அறை அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் அழுக்குத் துணி மூட்டைகள். நடுவில் மூன்று மெஷின்களும் ஒரு நீள மேஜையும், அந்த மேஜையில் டேப்பக்காவும், கருவி கழுவுகிற தொட்டியருகே கூட வேலை பார்க்கிற சோடாபுட்டியும். கண்ணாடி தடிமனாக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். அவளே போனை எடுத்தால், “சோடாபுட்டி பேசறேன், சொல்லுங்க” என்பாள். கோடையில் அந்த அறையில் கால் மணி நேரம் நின்றால் ஆளையே பிழிந்து காயப்போடலாம். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

இவ்வளவையும் சொல்வது தலைமை நர்ஸாக இருந்த மேட்ரனைப் பற்றிச் சொல்லத்தான்.

மேட்ரன் தங்கமான மனுஷி என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். சிடுசிடுப்பு. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே திட்டுவார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே சோடாபுட்டி குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிடுவாள். ஆனால் அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருந்தது. அதை வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் நான் கேள்விப்படவில்லை.

ஒரு வெள்ளைத்தாள், அதற்குச் சீட்டு என்று பெயர். நடுவில் குறுக்காக ஒரு கோடு. தப்பு செய்தவர் மேல் பாதியில் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். கீழ்ப் பாதியை மேட்ரன் எழுதுவார்.

டேப்பக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கவ்விப் பிடிக்கும் இடுக்கிகளை வாயை மூடிப் பூட்டியபடியே கட்டிவிட்டாள். திறந்து வைத்தால்தான் பல்லிடுக்கில் ஆவி போகும். மூடி வைத்தால் வெளியே சுத்தம், உள்ளே அப்படியே அழுக்கு. ஆபரேஷன் தியேட்டரில் கட்டைப் பிரித்த நர்ஸ் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். நோயாளி தப்பித்தார். டேப்பக்காவுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எழுதினா வேலை போயிடுமா மேடம்?”

“அழுகைய நிறுத்திட்டு எழுது. பக்கம் பூரா நீயே எழுதித் தள்ளாத. கீழ எனக்கு எடம் விடு.”

அழுதுகொண்டே எழுதினாள். மேட்ரன் வாங்கிப் படித்துவிட்டு, மூடியைக் கடித்துத் துப்பிவிட்டு, கீழே எழுதினார்: ‘மேஜைக்கு மேலே உள்ள விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. எனக்குத் தெரியும். மாற்றச் சொல்லாமல் விட்டேன். இது என் தவறும்தான்.’ கீழே முழுக் கையெழுத்து, தேதி. சாயங்காலத்துக்குள் புது விளக்கு வந்துவிட்டது.

அன்றைக்குக் கேட்டிருந்தால் டேப்பக்கா அந்த மனுஷிக்கு உயிரையே கொடுத்திருப்பாள். மேட்ரன் கேட்டதெல்லாம், அடுத்த தடவை கொஞ்சம் புரிகிற கையெழுத்தில் எழுது என்பதுதான்.

அதற்குப் பிறகு அவளாகவே எழுதினாள். தேதி மாறிப்போனது, ஊசி எண்ணிக்கை ஒன்று குறைந்தது, ஈரக்கட்டை அலமாரியில் வைத்தது. யாரும் கண்டுபிடிக்காததையும் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே மேட்ரன் தன் பங்கை எழுதினார். ஆள் போதவில்லை, நான் கேட்டு வாங்கவில்லை. மெஷின் சத்தம் மாறியதை நீ சொன்னாய், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப் பதினான்கு சீட்டு. எதிர்த்தெருவில் பளபளவென்று புது ஆஸ்பத்திரி வந்து, இவளை இரண்டு தடவை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். போகவில்லை. முழங்கால் தண்ணீரில் பஸ் நின்றுபோன மழை நாளில் நாலு மைல் நடந்தே வேலைக்கு வந்தாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. “ஆஸ்பத்திரியக் கட்டிக்கிட்டவள நான் இன்னொரு தடவை கட்டியிருக்கேன்” என்று சிரிப்பார்.

மேட்ரன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, பேசி, கை தட்டி அனுப்பினார்கள். அந்த நாற்காலியைக் கொஞ்ச நாள் காலியாக வைத்திருந்துவிட்டு, பிறகு நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். தர அதிகாரி என்று ஒருவர் வந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. குரல் உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அடித்தட்டு ஆட்களைக்கூட வாங்க போங்க என்பார். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவார். வந்த இரண்டாம் மாதம் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் ஒரு படம் போட்டார். கீழே வரிசையாகப் பணியாளர்கள் பெயர், ஒவ்வொரு பெயர் மேலும் ஒரு தூண். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்து எண்ணியிருக்கிறார். மேல் பாதியை மட்டும்.

சிலர் பெயரில் ஒன்று, சிலர் பெயரில் இரண்டு. பாதிப் பேர் பெயரில் ஒன்றுமே இல்லை. கை கழுவச் சொன்னால் முறைக்கிற ஆளுக்குப் பூஜ்யம். நடுவில் ஒரே ஒரு தூண் மட்டும் ஓங்கி நின்றது. பதினான்கு.

“யாரையும் குத்திக் காட்டறதுக்காக இதப் போடல. எங்க கவனம் வேணும்னு தெரிஞ்சுக்கத்தான்” என்றார்.

எல்லோரும் திரையைப் பார்க்கிற மாதிரி டேப்பக்காவைப் பார்த்தார்கள். சோடாபுட்டி மட்டும், “சார், கீழ மேட்ரனம்மா எழுதினதையும் படிச்சீங்களா?” என்று கேட்டாள். அது முந்தைய நிர்வாகத்தின் கருத்து, கணக்கில் வராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். மறுவாரம் டேப்பக்காவுக்குக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு பிழை பதிவானால் கிருமிநீக்கப் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டு, வெளி ஒப்பந்தக்காரரின் சலவைப் பிரிவுக்கு அனுப்பப்படுவீர்கள். இப்படிக்கு. நல்ல தாளில், மரியாதையான மொழியில்.

அவள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். அதுவும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தன்னுடையது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு யாரும் சீட்டு எழுதவில்லை. தப்பு நின்றுவிட்டதா என்றால், அதெப்படி நிற்கும்? தேதி மாறினால் காதும் காதும் வைத்த மாதிரி மாற்றி ஒட்டினார்கள். ஈரக்கட்டை அடியில் தள்ளினார்கள். அடித்தள அறையில் பேச்சும் குறைந்தது. வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து குழம்பில் உப்பில்லை. மகளும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தாங்களே உப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் கேட்டார்.

“என்னாச்சு உனக்கு? ஆஸ்பத்திரிக் கதையே வரக் காணோமே.”

“சொல்ற மாதிரி ஒண்ணும் நடக்கலைங்க.”

ஆறு மாதம் சேர்ந்தாற்போல் சீட்டே வரவில்லை என்று தர அதிகாரி எல்லோருக்கும் கேக் வாங்கினார். வாசலில் வைத்துப் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் அது நடந்தது.

டேப்பில் கோடு வந்துவிட்டால் மட்டும் போதாது. கிருமி செத்ததா என்று பார்க்க இன்னொரு சோதனை உண்டு. விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி. அதன் அடியில், உயிர் கெட்டியான ஒரு வகைக் கிருமியைத் தடவிய சின்ன அட்டை. உள்ளேயே இன்னொரு மெல்லிய கண்ணாடிக் குப்பி, அதில் ஊதா நிறத் திரவம். இதைக் கருவிகளோடு சேர்த்து மெஷினில் வைத்து எடுக்க வேண்டும். ஆறியதும் குப்பியை அழுத்தி உள்கண்ணாடியை நொறுக்க வேண்டும். அப்போதுதான் திரவம் அட்டையில் படும். பிறகு வெதுவெதுப்பான சூட்டுப் பெட்டியில் வைத்தால், கிருமி உயிரோடு இருந்தால் மறுநாளைக்குள் மஞ்சளாகும், செத்திருந்தால் ஊதாவாகவே இருக்கும். மறுநாள் மஞ்சளைப் பார்த்தால், அந்த மெஷினில் வெந்த கட்டெல்லாம் எங்கே இருந்தாலும் திரும்பி வந்தாக வேண்டும்.

மூன்றாம் மெஷினின் கதவு ரப்பரைத் திங்கட்கிழமைதான் மாற்றியிருந்தார்கள். அதனால் செவ்வாய்ச் சோதனை முக்கியம். டேப்பக்கா குப்பியை எடுத்து ஆறவைத்தாள். நொறுக்கக் கையில் எடுத்தபோது தர அதிகாரியிடமிருந்து போன் வந்தது. “எல்லாரும் நிக்கறாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி.” குப்பியை அப்படியே சூட்டுப் பெட்டியில் செருகிவிட்டு ஓடினாள். போட்டோவில் இரண்டாவது வரிசையில் நின்றாள்.

புதன்கிழமை பார்த்தால் ஊதா. பதிவேட்டில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். குப்பியைக் கழிவில் போடும்போது கலகலவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்கண்ணாடி பிறந்த மேனிக்கு முழுசாக இருந்தது.

நொறுக்காத குப்பி நூறு வருஷம் ஆனாலும் ஊதாதான். கிருமி செத்ததா இல்லையா என்று யாரும் கேட்கவே இல்லை, தேர்ச்சி என்று இவள் எழுதிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்த மெஷினில் ஒன்றாக வெந்த லோடில் எட்டுக் கட்டு. ஆறு அலமாரியில் இருந்தன. “தேதி மங்கலா இருக்கு” என்று சொல்லி வாங்கிவந்து மறுபடி வேகவைத்தாள். இரண்டு பயன்பட்டுவிட்டன. ஒன்று ஒரு பெரியவரின் குடலிறக்க ஆபரேஷனுக்கு. இன்னொன்று ஒரு பெண்ணின் பிரசவத்துக்கு, வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. வியாழக்கிழமை மெஷினில் புதிதாகச் சோதனை வைத்து, இந்தத் தடவை நொறுக்கி, பார்த்தாள். ஊதா. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் மெஷின் கம்பெனி மெக்கானிக் வந்து கதவை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுப் போயிருந்தான். வியாழக்கிழமை ஊதா செவ்வாய்க்கிழமைக்குச் சாட்சி சொல்லாது.

எழுத வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். கீழ்ப் பாதியில் வந்திருக்க வேண்டியதும் தெரியும்: சோதனை நடுவில் போட்டோவுக்குக் கூப்பிட்டது நான். அதை எழுத இப்போது ஆள் இல்லை. அதனால் முழுசாக இருந்த குப்பியைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு, வார்டுக்குப் போனாள்.

தினமும் போனாள். தட்டு எடுக்க வந்த மாதிரி போய்க் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற காய்ச்சல் அட்டையைப் பார்ப்பாள். பெரியவர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. சனிக்கிழமை ஏறியது. தையல் சிவந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டேப்பக்கா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள்.

“நீங்க எந்த வார்டுக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“கீழ வேலை பாக்கறேன்.”

“எனக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?”

“ஆகாதும்மா.”

சொல்லிவிட்டு நேராகப் படியேறித் தர அதிகாரி அறைக்குப் போனாள். சலவைப் பிரிவுக்குப் போனால் போகட்டும். டாக்டருக்கு விஷயம் தெரிந்தால் எதைத் தேடுவது என்று தெரியும், அதற்கு ஏற்ற மருந்தை உடனே கொடுப்பார். இதை மனதுக்குள் நாலு தடவை ஒப்பித்துக்கொண்டே போனாள். பத்தொன்பது வருஷமும் அன்றோடு சரி என்று முடிவுகட்டிவிட்டுத்தான் கதவைத் தட்டினாள்.

அவர் உட்காரச் சொன்னார். அவள் குப்பியை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார். குப்பியை எடுத்துப் பார்த்தார்.

“ஊதாவாதானே இருக்கு?”

“நொறுக்கலைங்க சார். நொறுக்கலைன்னா ஊதாவாதான் இருக்கும்.”

“பதிவேட்டுல என்ன எழுதியிருக்கீங்க?”

“தேர்ச்சின்னு. தெரியாம எழுதிட்டேன்.”

“அப்ப தேர்ச்சிதான்.” கனிவாகச் சிரித்தார். “ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் ஆயிரம் காரணத்துல வரும். டாக்டர் பாத்துக்குவார். ஏழாவது மாசம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. நீங்களே உங்க தலையில மண்ணப் போட்டுக்காதீங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

குப்பியை மேஜைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டார். மெத்தென்று காகிதத்தின் மேல் விழுந்தது.

வார்டு டாக்டரின் அறை அடுத்த மாடியில் இருந்தது. இருபது படி. டேப்பக்கா ஏறியிருக்கலாம். யாரும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, இறங்கிப்போனாள். நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை போகவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியும் ஆயிற்று. அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. மகள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை மருந்து மாற்றினார்கள். தையலைப் பிரித்து மறுபடி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து, பாதியாக இளைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். காய்ச்சல் எதனால் வந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்த மெஷினாலா, வேறு எதனாலோ, இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. போகும்போது கருத்துப் புத்தகத்தில் அவள் ஒரு பக்கம் எழுதிவைத்தாள்.

வருஷ முடிவில் அதைத் தர அதிகாரி மேடையில் வாசித்தார். “கீழே வேலை பார்க்கும் ஒரு அக்கா தினமும் வந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். அவர் வேலை அது இல்லை. சொந்த அக்காகூட அப்படிப் பார்க்க மாட்டாள். அவர் பெயர் தெரியாது. கையில் டேப் ஒட்டியிருந்தது.” கூட்டம் கை தட்டியது. பதினான்கு தூணாக நின்றவர் இந்த வருஷம் பூஜ்யத்துக்கு வந்ததையும் சேர்த்து அவர் சொன்னார். அக்கறைக்கான கேடயம் என்று கண்ணாடியில் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தார். மகள் அவர் வாயைப் பொத்தினாள்.

டேப்பக்கா வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்றாள். ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கீழே நாற்காலிகளும் தலைகளும் தெரிந்தன.

மேடையை விட்டு இறங்கும்போது சோடாபுட்டி படியோரம் காத்திருந்தாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

“அக்கா, நேத்து மூணாவது மெஷின்ல வச்ச குப்பி மஞ்சளாயிடுச்சு. நல்லா மஞ்சள். அந்த லோடுல இருந்து காலையிலயே நாலு கட்டு தியேட்டருக்குப் போயிருக்கு. நான் எழுதிக் கொடுத்துடட்டுமா?”

டேப்பக்கா கேடயத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வேற குப்பி வச்சுப் பாரு” என்றாள். “ஊதா வர்ற வரைக்கும் வை.”